கடல் எத்தனை தடவை வருகிறது? கலைப்பிரிவு மாணவருக்குக் கணினிவழி உரைப் பகுப்பாய்வு

ஒருவர் தன் ஆயுளில் வாசித்து முடிக்க இயலாத அளவு எழுத்துக் குவிந்து கிடக்கிறது. அதை வைத்து ஒரு கேள்விக்கு விடை தேடுவது எப்படி? கணினிவழி உரைப் பகுப்பாய்வு பிறந்தது இந்த இடத்தில்தான். வீரகேசரி 1930 இல் தொடங்கியது, தினகரன் 1932 இல். இந்த இரண்டு பத்திரிகைகளிலும் திருகோணமலைத் துறைமுகம் பற்றி வந்த செய்திகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகம் எந்தக் காலத்தில் போர்த்தளமாகப் பேசப்பட்டது, எப்போது வேலைவாய்ப்பாக, எப்போது சுற்றுலாவாக? ஒவ்வொரு செய்தியாக வாசித்துக் குறிப்பெடுக்கப் போனால் பட்டப்படிப்புக் காலம் முழுவதும் போதாது. அந்தச் செய்திகள் தட்டச்சு வடிவில் கணினியில் இருந்தால், எந்தச் சொல் எந்த ஆண்டில் எத்தனை தடவை வந்தது, அதற்குப் பக்கத்தில் எந்தச் சொற்கள் நின்றன என்பதை அது சில நொடிகளில் எண்ணித் தந்துவிடும்.

தேடுவது, எண்ணுவது, வரிசைப்படுத்துவது, ஒப்பிடுவது. கணினி செய்து தருவது இவ்வளவுதான். எதை எண்ணுவது, எதை எதோடு ஒன்றாகக் கொள்வது, வந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதெல்லாம் மொழி படித்தவர் தீர்மானிக்க வேண்டியவை. உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்து, கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கு மொழியோ தொடர்பாடலோ படிக்க வரும் பிள்ளைகளில் பலர், இந்தப் பாடத்தின் பெயரைக் கேட்டதுமே "எங்களுக்குக் கணக்கு ஓடாது சேர்" என்று பின்வாங்குகிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். இந்தத் துறையில் தமிழருக்கு உள்ள கடினமான பகுதி, அவர்கள் ஏற்கெனவே படித்த புணர்ச்சி இலக்கணத்துக்குள் இருக்கிறது. கணக்கோ பெரும்பாலும் கூட்டலும் வகுத்தலும்தான்.

தொடக்கி வைத்தவரும் கணக்கர் இல்லை. ரொபேர்ட்டோ பூசா என்ற இத்தாலியக் கத்தோலிக்கத் துறவி, இடைக்காலக் கிறிஸ்தவ மெய்யியலாளரான தோமஸ் அக்குவைனாசின் இலத்தீன் எழுத்துகள் முழுவதற்கும் சொல்லடைவு செய்ய விரும்பி, 1949 இல் ஐபிஎம் நிறுவனத்திடம் போய் உதவி கேட்டார். ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் சொற்கள். துளையிட்ட அட்டைகளில் தொடங்கிய வேலை, 56 தொகுதிகளாக அச்சேறி முடிய 1980 ஆகிவிட்டது. அவரைத் தூண்டியது ஒரு மெய்யியல் கேள்வி. இருத்தல், உடனிருத்தல் பற்றி அக்குவைனாஸ் என்ன நினைத்தார் என்று அறியச் சிறிய இடைச்சொற்களைக்கூட விடாமல் பார்க்க வேண்டும் என்று அவர் கண்டார். சொல்லடைவு நமக்கும் புதிதில்லை. சங்க இலக்கியத்துக்குச் சொல்லடைவுகள் இருக்கின்றன; புறநானூற்றில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று அவற்றைப் புரட்டிப் பார்த்த எவரும் இந்த வேலையின் முதற்படியைச் செய்தவரே.

முதல் வகுப்புக்குக் கணினி வேண்டாம். கடதாசியும் பென்சிலும் போதும். பயிற்சிக்காக நான் எழுதிய செய்தி இது:

"கடல் கொந்தளிப்பாக இருப்பதால் கடற்றொழிலாளர் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. நிலாவெளிக் கடற்கரையில் கடற்படையினர் பாதுகாப்புக் கடமையில் ஈடுபட்டனர். கடலைப் பார்க்க வந்தவர்களும், அவர்களுக்குக் கடலை விற்றுக்கொண்டிருந்தவர்களும் திருப்பி அனுப்பப்பட்டனர்."

இதில் 'கடல்' எத்தனை தடவை வருகிறது? ஒருவர் ஆறு என்பார், இன்னொருவர் மூன்று என்பார், பக்கத்தில் இருப்பவர் ஐந்து என்பார். கணினியிடம் 'கடல்' என்று அப்படியே தட்டித் தேடச் சொன்னால், அது ஒன்று என்று சொல்லும். முதற்சொல் மட்டுமே அதன் கண்ணில் படும். 'கடலுக்குச்' என்பதில் லகரத்தின் மேலிருந்த புள்ளி போய் உகரம் ஏறிவிட்டது. புள்ளியோடு தேடினால் அது அகப்படாது. புள்ளியை எடுத்துவிட்டு 'கடல' என்று தொடங்கும் எல்லாவற்றையும் கேட்டால் நான்கு கிடைக்கும்: கடல், கடலுக்குச், கடலைப், கடலை. நான்காவது கொறிக்கிற கடலை. தொழிலாளரும் கரையும் படையும் இன்னும் வந்து சேரவில்லை, ஏனென்றால் வல்லினத்துக்கு முன் லகரம் றகரமாகத் திரிந்துவிட்டது. 'கடற்' என்பதையும் சேர்த்தால் ஏழு. கடலையைக் கழித்தால் ஆறு. கடற்படை என்பது இந்த ஆய்வுக்குக் கடலா, அல்லது அரசா? அரசு என்று கொள்பவருக்கு ஐந்து.

ஒரே பந்தி, ஒன்று, நான்கு, ஏழு, ஆறு, ஐந்து என்று ஐந்து விடைகள். எது சரி என்பது நீங்கள் கேட்ட கேள்வியைப் பொறுத்தது. கடலோர மக்களின் வாழ்வைப் பற்றிக் கேட்பவர் கடற்றொழிலாளரை விட முடியாது. ஒரு கவிஞரின் இயற்கை வருணனையைப் பற்றிக் கேட்பவருக்குக் கடற்படை வேண்டாம். மாணவர் ஒருவரோடொருவர் வாதாடி இந்த முடிவுகளுக்கு வரும்போது, பாடத்தின் மிகப் பெரிய பகுதி நடந்து முடிந்துவிடுகிறது. முடிவுகளை ஒரு தாளில் எழுதி வைக்கப் பழக்குவது ஆசிரியரின் வேலை. "கடற்படையைச் சேர்க்கவில்லை, காரணம் இது" என்று ஒரு வரி. அந்த வரி இல்லாத எண்ணிக்கையை நான் ஆய்வில் ஏற்பதில்லை.

இங்கே இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இரண்டாம் வேற்றுமை விரிந்து வரும்போது வல்லினம் மிகும்: 'கடலைப் பார்த்தான்' என்றால் சமுத்திரம். 'கடலை கொறித்தான்' என்றால் மிகாது, அது தின்பண்டம். ஒற்றுப் பிழையில்லாமல் எழுதப்பட்ட உரையாக இருந்தால், அந்த ஓர் ஒற்றை வைத்தே கணினியைக் கொண்டு இரண்டையும் ஓரளவு பிரிக்கலாம். ஆனால் இன்றைய செய்திகளில் ஒற்றை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அதோடு 'கடலை விற்று' போல வல்லினம் அல்லாத எழுத்து அடுத்து வந்தால் இந்த உபாயமும் உதவாது. ஆகவே மனிதக் கண் தேவைப்படுகிறது.

செய்யுளுக்குள் போனால் சிக்கல் இன்னும் அழகாகிறது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் கோணேசர் மீது பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. முதற்பாட்டின் இறுதியடியை அச்சில் இப்படிக் காண்கிறோம்:

குரைகட லோதம் நித்திலங் கொழிக்குங் கோணமா மலையமர்ந் தாரே

கோயிலில் பாடக் கேட்டு வளர்ந்தவருக்கு இதில் ஒரு தடுமாற்றமும் இல்லை. ஒலிக்கும் கடலின் அலை முத்துகளைக் கொண்டுவந்து ஒதுக்கும் கோணமாமலையில் அமர்ந்தவர். கணினியோ இடைவெளி இருக்கும் இடத்தில் வெட்டும். அதற்குக் கிடைப்பவை: குரைகட, லோதம், நித்திலங், கொழிக்குங், கோணமா, மலையமர்ந், தாரே. சீர் பிரித்து அச்சிட்டதால் கடல் இரண்டாக உடைந்து காணாமல் போய்விட்டது. 'லோதம்' என்று தமிழில் தொடங்கவே முடியாத ஒரு சொல் பிறந்திருக்கிறது. பாட்டுக்குப் பாட்டு இந்த முடிப்பு திரும்ப வருவதால், பதிகத்தில் அதிகம் வரும் சொற்களின் பட்டியலில் 'தாரே' முன்னால் வந்து நிற்கும். விபரம் தெரியாதவர் சம்பந்தர் மாலைகளைப் பற்றிப் பாடினார் என்று நினைக்கக்கூடும். கடைசிப் பாட்டில் 'குரைகடல் சூழ்ந்த கோணமா மலையமர்ந் தாரைக்' என்று வேற்றுமை ஏறுகிறது. நமக்கு அதே இறைவன், கணினிக்குப் புதிய சொல்.

அதனால் பழைய இலக்கியத்தை எண்ணுவதற்கு முன் சந்தி பிரித்த பாடம் வேண்டும். பிரிப்பது யார்? கோணமாமலை என்று ஒன்றாக வைப்பதா, கோணம், மா, மலை என்று மூன்றாக்குவதா? ஒன்றாக வைத்தால் ஊர்ப்பெயர் கிடைக்கும், 'மலை' என்ற எண்ணிக்கை குறையும். உரையாசிரியர்கள் நூற்றாண்டுகளாகச் செய்து வந்த வேலை இது. கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் அதுவே திரும்ப நம் கைக்கு வருகிறது என்பதுதான் இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

சொல்லுக்கு அடியில் எழுத்து என்ற இன்னொரு தளம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பிறகு நிறைய நேரம் மிச்சம். திருகோணமலை நமக்கு ஆறு எழுத்து. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யுனிகோடில் அது பத்துக் குறியீடுகள்: தகரம், இகரக் குறி, ரகரம், உகரக் குறி என்று ஒவ்வொன்றும் தனித்தனி. 'கோ' என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். இடப்பக்கம் நிற்கும் இரட்டைக்கொம்பான ஏகாரக் குறியும் வலப்பக்கக் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். அப்போது பதினொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு விதமாகத் தட்டித் தேடினால் மற்ற விதத்தில் இருக்கும் ஊர்ப்பெயர் அகப்படாது. உரைகளைச் சேர்த்தவுடன் எல்லாவற்றையும் ஒரே முறைக்கு மாற்றிவிடுவது முதல் வேலை. பைத்தான் என்ற நிரல்மொழியில் அதற்கு ஒரு வரி போதும். அதே பைத்தானின் வழக்கமான தேடல் கருவியிடம் "சொற்களைப் பிரித்துத் தா" என்றால், உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்ளாமல், 'தமிழ்' என்பதையே 'தம', 'ழ' என்று இரண்டாக உடைக்கும். இந்தக் கருவிகளைச் செய்தவர்கள் முதலில் மனதில் வைத்தது உரோம எழுத்தை. விளைவைக் கண்ணால் பார்க்காமல் எந்தக் கருவியையும் நம்பக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

நம் நாட்டில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் ஏராளம். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும். அவற்றை யுனிகோடுக்கு மாற்றும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. மாற்றிய பின் ஒரு பக்கமாவது மூலத்தோடு ஒப்பிட்டு வாசியுங்கள்.

இனி எண்ணுக்கு வருவோம். ஒரு பத்திரிகையின் தரவகத்தில், அதாவது ஆய்வுக்கென்று சேர்த்த உரைத் தொகுப்பில், 2 இலட்சம் சொற்கள், 'துறைமுகம்' 120 தடவை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றில் 30,000 சொற்கள், 45 தடவை. 120 பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஆயிரம் சொற்களுக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால் முதலாவதில் 0.6, இரண்டாவதில் 1.5. துறைமுகத்தைப் பற்றி அதிகம் பேசுவது சிறிய பத்திரிகைதான். ஒப்பிடும் எந்த எண்ணையும் இப்படி ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கணக்கு ஓடாது என்று சொல்லும் பிள்ளைக்குத் தொடக்கத்தில் தேவைப்படும் கணக்கு இந்த அளவுதான்.

அதிகம் வரும் சொற்களின் பட்டியலை எடுத்தால் தலையில் நிற்பவை ஒரு, என்று, இந்த, அந்த, என, மற்றும் போன்றவை. உள்ளடக்கத்தைப் பற்றிய கேள்வி என்றால் இவற்றை விலக்கிவிட்டுப் பார்ப்பது வழக்கம். ஆனால் எழுதியவர் யார் என்ற கேள்வி வரும்போது இவையே கை கொடுக்கின்றன. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787, 1788 ஆண்டுகளில் புனைபெயரில் வந்த 85 கட்டுரைகளில் பன்னிரண்டை எழுதியவர் ஹமில்டனா மாடிசனா என்ற தகராறு நெடுங்காலம் இருந்தது. மொஸ்டெல்லர், வொலஸ் என்ற இரு புள்ளியியலாளர் 1964 இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய சில்லறைச் சொற்களை எண்ணினார்கள். ஒரே பொருளில் ஹமில்டன் 'வைல்' (while) என்று எழுத, மாடிசன் 'வைல்ஸ்ட்' (whilst) என்று எழுதுவார். பன்னிரண்டும் மாடிசனுடையவை என்ற பக்கமே சான்று வலுவாகச் சாய்ந்தது. எழுதுபவர் பொருளைத் தேர்ந்தெடுக்கிறார். இடைச்சொல் தன்னையறியாமல் விழுகிறது. தமிழில் இதைச் செய்யும்போது 'உம்', 'ஏ', 'தான்' போன்றவை சொல்லோடு ஒட்டி வருவதால் அவற்றை முதலில் பிரித்தெடுக்க வேண்டும். மீண்டும் இலக்கணம்.

தொடக்கநிலை மாணவருக்கு ஒரே ஒரு கருவியைத்தான் கற்றுத்தர முடியும் என்றால், நான் தேர்ந்தெடுப்பது சூழலோடு சொல்லைக் காட்டும் அடைவு. தேடிய சொல் நடுவில், அதன் இரு பக்கமும் சில சொற்கள், ஒவ்வொரு வருகையும் ஒரு வரி. உதாரணத்துக்கு, நம் ஊரைச் செல்லமாகச் சொல்லும் பெயரைத் தேடினால் இப்படி வரிகள் வரலாம்:

மூதூரிலிருந்து திருமலை நோக்கிப் புறப்பட்ட படகு
ஏழுமலையானைத் தரிசிக்கத் திருமலை வந்த பக்தர்கள்
மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய மகால்

மூன்று வரிகள், மூன்று வேறு பொருள்கள். வெறும் எண்ணிக்கை இவற்றை மூன்று என்று கூட்டிவிட்டுப் போயிருக்கும். திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை என்று எழுத்து மாறி வருவனவும் இருக்கின்றன. ஊரைத் தேடுபவர் இவை எல்லாவற்றையும் சேர்த்து, வேண்டாத திருமலைகளை நீக்க வேண்டும். அடைவைப் பார்த்தபடி வரிக்கு வரி நீக்குவது அலுப்பான வேலைதான். ஆனால் அந்த வேலையின் நடுவிலேதான் நல்ல கேள்விகள் தோன்றுகின்றன. உள்ளூர்க்காரர் எழுதும்போது திருமலை, அரச அறிவித்தலில் திருகோணமலை என்று பிரிகிறதா? எந்த ஆண்டிலிருந்து? பட்டியலில் ஓர் எண்ணைப் பார்த்தவருக்கு இந்தக் கேள்வி வராது.

தலைப்புகளைத் தானே கண்டுபிடிக்கும் முறைகளும் உண்டு. எந்தச் சொற்கள் சேர்ந்து வருகின்றன என்பதை வைத்து ஆயிரக்கணக்கான கட்டுரைகளைக் குழுக்களாக்கும். 2003 இல் பிளெய், இங், ஜோர்டன் மூவரும் வெளியிட்ட முறை இதில் பெயர்பெற்றது. முதற்பருவத்தில் இதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. வரைபடங்கள் கவர்ச்சியாக வரும். சொற்பிரிப்புச் சரியில்லாத தமிழ் உரையில் அந்தக் குழுக்கள் வேற்றுமை உருபுகளையே தலைப்புகளாக்கிவிடும்.

உரைகள் எங்கே கிடைக்கும்? பழைய இலக்கியத்துக்கு, 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தொகுப்பு. இலங்கைத் தமிழ் எழுத்துக்கு, 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளம். நூலகத்தில் உள்ளவை பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். அவற்றை எழுத்தாக மாற்ற எழுத்துணரிகள் வேண்டும். மங்கிய அச்சில் அவை ரகரத்தைக் காலாகவும் காலை ரகரமாகவும் வாசிக்கும். நூறு பக்கம் எடுத்தால் சிலவற்றையாவது கையால் திருத்தி, எவ்வளவு பிழை இருக்கிறது என்று அறிந்துகொள்ளாமல் எண்ணத் தொடங்க வேண்டாம்.

இல்லாததையும் கேட்க வேண்டும். தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படுவதை 1895 இல் எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். வ. அ. இராசரத்தினம் மூதூர்க்காரர். திருகோணமலைத் தமிழ் என்று ஒரு தரவகம் சேர்ப்பவர் இப்படிப் பெயர்பெற்றவர்களோடு நின்றுவிட்டால், கிண்ணியா முஸ்லிம் எழுத்தாளரின் தமிழும், பெண்கள் எழுதிய சிறுசஞ்சிகைகளும், தம்பலகாமத்து வயல்வெளிப் பேச்சும் வெளியே நிற்கும். அப்படிச் சேர்த்த தரவகத்தில் ஒரு சொல் வரவில்லை என்றால், அந்தச் சொல்லைச் சொல்பவர்களை நாம் சேர்க்கவில்லை என்பதே காரணமாக இருக்கக்கூடும்.

கருவிகளில் இரண்டு போதும். வோயன்ட் (Voyant) உலாவியில் இயங்கும், உரையை ஒட்டினால் உடனே பட்டியலும் வரைபடமும் தரும். அன்ட்கொன்க் (AntConc) இலவசமாகத் தரவிறக்கி இணையம் இல்லாமலே ஓட்டலாம், அடைவுக்கு நல்லது. இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டாவதைச் சொல்வேன். எதில் தொடங்கினாலும் 'கடல்' பந்தியை முதலில் கொடுத்து, சொற்கள் உடையாமல் வருகின்றனவா என்று பார்த்த பிறகே பெரிய உரையைக் கொடுங்கள்.

முதல் ஒப்படைக்கு ஒன்று சொல்கிறேன். 2004 டிசெம்பர் 26 அன்று இந்தக் கரையைக் கடல் அடித்தது. அதைத் தமிழில் சுனாமி என்றும், ஆழிப்பேரலை என்றும், கடல்கோள் என்றும் எழுதினார்கள். கைக்கு எட்டிய சில செய்திகள், சில கவிதைகள், சில நினைவுக் கட்டுரைகளை எடுத்து, யார் எந்தச் சொல்லை எங்கே பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். அரச அறிவித்தலில் எது, கவிதையில் எது, உயிர் பிழைத்தவர் தன் வாயால் சொன்னதை எழுதிய இடத்தில் எது? மூன்றையும் தேடுங்கள், உருபு ஏறிய வடிவங்களோடு. 'கடல்கோள்' குமரிக்கண்டக் கதைகளிலும் வரும், அவற்றைப் பிரித்து வையுங்கள். 'கடல் வந்தது', 'தண்ணி வந்தது' என்று பெயரே சொல்லாமல் பேசியவர்களும் இருப்பார்கள். அந்த வரிகள் எந்தத் தேடலிலும் தாமாக வந்து விழாது, முழுதாக வாசித்துத்தான் எடுக்க வேண்டும். ஆயிரம் சொற்களுக்கு எத்தனை என்ற கணக்கை ஒரு பக்கத்தில் தாருங்கள். எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள் என்ற தாளை அடுத்து இணையுங்கள். அதன் பிறகு, அடைவிலிருந்து உங்களை நிறுத்திவைத்த ஐந்து வரிகளை எடுத்து, அவை வந்த பக்கங்களை முழுமையாக வாசித்து, அவற்றைப் பற்றி எழுதுங்கள். புள்ளிகளில் பாதியை அந்தப் பகுதிக்கே கொடுப்பேன்.